சுபா மட்டும் பாக்கி

1

தை பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் லேடி டாக்டர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "ருக்மிணி தீதி, அஞ்சு வருஷம் முடிஞ்சுது. எல்லாம் சுத்தமா இருக்கு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மூஞ்சியைக் காட்டினா போதும்" என்று பெங்காலியில் சொன்னார். நான் நேரே தெருமுனைக் கடைக்குப் போய் ஈச்சம்வெல்ல சந்தேஷ் ஒரு பெட்டி வாங்கினேன். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதிப் பெட்டியை நானே தின்றுவிட்டேன். கல்கத்தாவுக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் எந்த சந்தேஷும் இவ்வளவு ருசித்ததில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் கருப்பையின் வாயில் புற்றுநோய் முளைவிட்டிருப்பதாகக் கண்டுபிடித்துக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். ஆமாம், புற்றுநோய்தான். இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். நான் யோசித்து முடித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் வீட்டுப் பெண்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சந்தோஷத்தில் ஒரே ஒரு கல். என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை செய்யவைத்தவள் என் பெண் சுபா. அப்போது அவளுக்கு இருபது வயது, கல்லூரி மாணவி. இப்போது இருபத்தைந்து. கல்யாணமாகி இரண்டு வருஷமாக டாலிகஞ்சில் குடித்தனம். மாப்பிள்ளையும் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். இரண்டு பேரும் பெங்காலியில்தான் சண்டை போடுவார்கள், தமிழில் சண்டை போட இருவருக்கும் வார்த்தை போதாது. இந்த இரண்டு வருஷமாக நான் கேட்காத நாளில்லை: "நீ எப்போடி அந்த டெஸ்டைப் பண்ணிக்கப் போறே?"

செவ்வாய்க்கிழமை சந்தேஷ் பெட்டியின் மிச்சப் பாதியோடு அவள் வீட்டுக்குப் போனேன். விஷயம் கேட்டதும் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "சரி, இனி உன் முறை" என்றேன். உடனே, "அடுப்பில பால் இருக்கு மா" என்று உள்ளே ஓடிவிட்டாள். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

2

மாயவரத்தில் நான் வளர்ந்த வீட்டில் இந்த வியாதிக்குப் பெயரே கிடையாது. என் பெரியக்காவுக்கு நாற்பத்துநாலு வயதில் வந்தது. "அவளுக்கு உடம்பு சரியில்லை" என்றார்கள். அப்புறம் "போய்ட்டா" என்றார்கள். நடுவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் தந்தி கிடைத்து ஹௌராவில் மெயில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "என்ன வியாதி?" என்று கேட்டேன். "வயத்துல கட்டி" என்றாள் சின்னக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கல்கத்தாவிலும் நாங்கள் அதே ஆட்கள்தான். பவானிபூரில் எங்கள் பஜனை சபாவில் நாற்பது குடும்பம். துறைமுகம், ரயில்வே, பாங்க் என்று மாற்றலாகி வந்தவர்கள். மாதத்துக்கு நாலைந்து பூஜை, ஒவ்வொன்றுக்கும் பிரசாதம் சமைக்க இரண்டு மாமிகள். யாருக்கு என்றைக்கு டூட்டி என்று பட்டியல் போடுவது என் வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை, என் பட்டியலில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

அதற்குக் காரணம் என் புள்ளி நோட்டு. மாதத்துக்கு ஒரு பக்கம், முப்பத்தொரு கட்டம், ஒரு மாமிக்கு ஒரு வரி. எந்தெந்த நாளில் யார் வீட்டுக்கு விலக்கோ அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. விலக்கான நாளில் சாமிக்குச் சமைக்க முடியாது அல்லவா? குழந்தைகளிடம் சொல்லி அனுப்புவார்கள். ஐந்து வயதுக் குட்டி ஒன்று வாசலில் வந்து நின்று, "மாமி, அம்மா புள்ளி வெக்கச் சொன்னா" என்று கத்திவிட்டு ஓடும். அதற்கு என்ன தெரியும் பாவம்.

சுபாவுக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. "உஃப், மா! நாப்பது பொம்மனாட்டியோட அந்தரங்கத்தை ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கே. இது காட்டுமிராண்டித்தனம்" என்பாள். "ஆமாண்டி, நான் காட்டுமிராண்டிதான், இந்த எலுமிச்சம்பழத்தைப் பிழி" என்பேன். இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது.

3

ஐந்து வருஷத்துக்கு முன்னால், துர்கா பூஜை முடிந்த வாரம், சுபா ஒரு செய்தியோடு கல்லூரியிலிருந்து வந்தாள். ஒரு மருத்துவமனையிலிருந்து லேடி டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டை பேட்டையாகப் போய்ப் பெண்களுக்குச் சோதனை செய்கிறாராம். வலி கிடையாது, கத்தி கிடையாது, பஞ்சால் தொட்டு எடுப்பதுபோல் ஒரு நிமிஷ வேலை. எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வியாதி வருவதற்கு முன்பே தெரிந்துவிடுமாம். கல்யாணமானவர்கள் வரலாம். விலக்கு நாளில் மட்டும் வரக்கூடாது. எங்கள் சபா ஹாலை சுபா கேட்டு வாங்கிவிட்டாள்.

அவளும் அவள் சிநேகிதி மிட்டுவும் வீடு வீடாகப் போனார்கள். மெட்ரோவுக்காக பவானிபூரையே தோண்டிப் போட்டிருந்த காலம் அது. பலகை மேல் நடந்து, சேற்றில் செருப்பை விட்டு, நாற்பது வீட்டுப் படியும் ஏறினார்கள். சாயங்காலம் வந்து கூடத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

"எத்தனை பேர்?" என்றேன்.

"ஒருத்தரும் இல்லை மா."

முதலில் கிரிஜா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம், வாயாடி. "எனக்கு எதுக்குடி? அதெல்லாம் வயசானவாளுக்கு வரது" என்று சிரித்திருக்கிறாள். சரியென்று ஐம்பத்தைந்து வயதுப் பட்டு மாமியிடம் போனால், "எனக்கு எல்லாம் நின்னு மாமாங்கமாச்சு. அதெல்லாம் புள்ளை பெத்துக்கற வயசுக்காராளுக்கு. கிரிஜாவைக் கேளு" என்றாளாம். இளசுகள் கிழங்களைக் காட்ட, கிழங்கள் இளசுகளைக் காட்ட, வியாதிக்கு இந்த சபாவில் ஆளே கிடையாது!

இன்னொரு இளம் மருமகள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "என் மாமியாருக்குத் தெரிஞ்சா, உனக்கு ஏன் அந்த சந்தேகம் வந்ததுன்னு கேப்பா. நான் என்ன பதில் சொல்லறது?" என்றிருக்கிறாள். போன தையில் கல்யாணமான ஒருத்தி, "இருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்ணறது? தெரியாம இருந்தா நிம்மதியாவாவது இருக்கலாம்" என்றிருக்கிறாள். சுபாவுக்குக் கோபமான கோபம். "படிச்ச பொண்கள் மா! எம்.ஏ. படிச்சவ சொல்றா, பேரைச் சொன்னாலே வந்துடுமாம்!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாணமே ஆகாத ரெண்டு வாண்டுகள் போய்க் கருப்பையைப் பத்தி வகுப்பெடுத்தா யாருடி வருவா? அது போகட்டும். எந்த ஞாயித்துக்கிழமை வெச்சிருக்கேள்?" தேதியைச் சொன்னாள். நான் நோட்டைப் புரட்டாமலே சொன்னேன்: "போன மாசக் கணக்குப்படி அன்னிக்குப் பதினோரு புள்ளி விழும். அடுத்த ஞாயிறு வெச்சுக்கோ. மூணே மூணுதான்."

சுபா என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "அந்த நோட்டைக் குடு."

4

அடுக்களையில் நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சுபாவும் மிட்டுவும் நோட்டைப் பார்த்து யார் யாருக்கு எந்த நாள் தோதுப்படும் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். சுபா எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"மா, உன் வரியில மட்டும் ஏன் இவ்வளவு புள்ளி?"

"என்ன புள்ளி?"

"ஆடி மாசத்துல அஞ்சு நாள். அப்புறம் பத்து நாள் கழிச்சு திரும்ப மூணு. ஆவணில ஒன்பது. புரட்டாசில நவராத்திரி பூரா புள்ளி. நீ நவராத்திரிக்கு ஒரு நாள்கூடப் பிரசாதம் பண்ணலை. முழங்கால் வலின்னு சொன்னே."

என் கை நின்றுவிட்டது. அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாதமாக எனக்கு நேரங்கெட்ட நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. வெளியே முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் நோட்டில் பொய் எழுத மனசு வரவில்லை. சாமி காரியம் பாருங்கள். ஒரு நாள் விடாமல் புள்ளி வைத்திருக்கிறேன்.

"யார்கிட்ட சொன்னே?" என்றாள் சுபா.

"சாமிகிட்ட சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நாலு மாதமாக ரத்தம் போகிறது. நான் செய்தது என்ன? பிரசாத டூட்டியிலிருந்து என் பெயரை எடுத்தது. இந்த உடம்போடு சாமிக்குச் சமைக்கலாமா என்று மட்டும்தான் நாலு மாதமும் கேட்டிருக்கிறேன். இந்த உடம்புக்கு என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்வார்களா, தெரியவில்லை.

"நாப்பத்திமூணு ஆச்சோன்னோ, நிக்கற சமயத்துல இப்படித்தான் இருக்கும்" என்று இழுத்தேன். சுபா கேட்கவே இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் தமிழில் பேசத் தொடங்கினாலும் அழுகை பெங்காலியில்தான் வரும். மிட்டுவும் கூடச் சேர்ந்து அழுதாள். வாழைக்காய் கறுத்துப் போயிற்று. பெரியக்காவை நினைத்துக்கொண்டேன். "சரி, வரேன். அழாதேங்கோ. நானே முதல்ல போறேன்" என்றேன்.

நோட்டுக்கார ருக்மிணியே போகிறாளாம் என்று செய்தி ஒரே நாளில் நாற்பது வீட்டுக்கும் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேர் வந்தார்கள். கிரிஜா தன் மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். "சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்" என்று பட்டு மாமி வந்தாள், வந்தவள் வரிசையில் எனக்கு அடுத்து நின்றுகொண்டாள். பழைய ஒன்பது கஜப் புடவை இரண்டைக் கட்டித் திரை. உள்ளே ஒரு மேஜை. போனவர்கள் எல்லாம் "அவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள்.

பதினேழில் பதினாறு பேருக்கு ஒன்றுமில்லை.

5

ஆபரேஷன் என்று முடிவானதும் என் வீட்டுக்காரர் ஆபீசில் லீவு எழுதிக்கொடுக்க வேண்டும். துறைமுக ஆபீசில் இருபது வருஷ சர்வீஸ், எந்தக் கப்பலுக்கும் அஞ்சாதவர். மனைவிக்கு எந்த இடத்தில் ஆபரேஷன் என்று எழுதும்போது பேனா ஓடவில்லை. கடைசியில் "வயிறு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வயிறு என்ற வார்த்தையை ஒரு பெங்காலியிடம் சொல்லலாமா? மறுநாளே ஹெட்கிளார்க் பாபு வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு கட்டு வல்லாரை, இங்கே தான்குனி என்பார்கள். வயிற்றுக்கு அதைவிட மருந்து கிடையாதாம். அரைத்து வெறும் வயிற்றில் சாப்பிடச் சொன்னார். "பௌதி, அல்சரா? காஸ்ட்ரிக்கா?" என்று, மன்னி முறை வைத்து, என்னை விசாரிக்கிறார். இவர் என் பின்னால் நின்றுகொண்டு கண்ணால் கெஞ்சுகிறார். நானும் அண்ணன் முறை வைத்து, "இன்னும் கீழே, தாதா" என்று சொல்லிவிட்டேன். பாவம், பாபு தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கப் டீ குடித்துவிட்டுப் போனார். கீரையை வீணாக்குவானேன் என்று துவையல் அரைத்தேன்.

வியாதி அந்த ஓர் இடத்தைத் தாண்டவில்லை என்றார் டாக்டர். எடுத்ததோடு சரி, கதிர்வீச்சு சிகிச்சைகூட வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் எனக்குப் புள்ளியே கிடையாது என்பதால் மாமிகள் என் தலையில் எல்லாப் பூஜையையும் கட்டிவிட்டார்கள். மாதம் முப்பது நாளும் நான் சாமிக்கு வேலைக்காரி. பரம சந்தோஷம்.

6

அன்றிலிருந்து வருஷா வருஷம் தை மாதத்தில் சபாவில் சோதனை நடக்கிறது. இப்போது அதைக் கட்டி மேய்ப்பவள் கிரிஜா. இரண்டு குழந்தைக்குத் தாய், வாய் மட்டும் குறையவில்லை. இந்த வருஷமும் காலையில் சின்னதாக ஒரு பூஜை, ஈச்சம்வெல்லத்தில் சக்கரைப் பொங்கல். அதன் பிறகு சோதனை. சுபா ஒத்தாசைக்கு வந்திருந்தாள். காலையிலிருந்து பொங்கலைக் கிளறினதும் அவள்தான்.

நைவேத்தியம் ஆகி, இலைத் தொன்னையில் எல்லோருக்கும் பொங்கல் கொடுத்தாயிற்று. ஹால் நிறையப் பெண்கள். கிரிஜா மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கினாள்.

"சுபா, இங்க வா. இந்த சபாவுல கல்யாணமான பொண்கள் எல்லாரும் பண்ணிண்டாச்சு. நீ மட்டும் பாக்கி. உன் பேரை எழுதட்டுமா?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் கிரிஜா தீதி."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னே. ஊருக்குத்தான் உபதேசமா? எனக்கு வகுப்பெடுத்தவ நீதானேடி?"

எல்லோரும் சிரித்தார்கள். சுபாவின் முகம் சிவந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு முடியாது. எனக்கு இன்னிக்கு நாள்."

பட்டு மாமியின் கை தொன்னைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவள் பொங்கலைப் பார்த்தாள், சுபாவைப் பார்த்தாள், பிறகு சாமி படத்தைப் பார்த்தாள். "ஏண்டி குழந்தே... காலம்பற இதை நீதானே கிளறினே?" என்றாள். பின்வரிசையில் ஒரு மாமி வாயில் போட்டதை விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் விழித்தாள். இன்னொருத்தி, "ஐயோ, நைவேத்தியமே ஆயிடுத்தே!" என்றாள்.

என் பெண்ணுக்கு அப்போதுதான் தான் எங்கே கால் வைத்தோம் என்று புரிந்தது. விலக்கு, தீட்டு எல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அவள் இன்னொரு தடவை பிரசங்கம் செய்யலாம். ஆனால் அறுபது வயதுக்காரி ஒருத்தி கையில் தொன்னையோடு கண் கலங்கி நிற்கும்போது யாருக்குப் பிரசங்கம் வரும்? இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் திரைக்குப் பின்னால் போக வேண்டும். சுபா என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தேன்.

"இல்லை மாமி" என்றாள் கடைசியில். "பொய் சொன்னேன். எனக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்லை. சாப்பிடுங்கோ."

"சத்தியமா?"

"சத்தியமா."

நாற்பது பெண்களும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். பின்வரிசை மாமி வாயில் இருந்ததை விழுங்கினாள். பட்டு மாமி தொன்னையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, விரலைத் திரைப் பக்கம் நீட்டினாள். "அப்போ உள்ள போ."

ஹாலே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. டாக்டர் திரையை விலக்கி எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். கிரிஜா பெங்காலியில் விஷயத்தை விளக்க, அவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுபா உள்ளே போனாள். ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தாள். யாரோடும் பேசாமல் பொங்கல் பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

7

பதினைந்து நாள் கழித்து ரிசல்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விட்டால் வரமாட்டாள் என்று நானே டாலிகஞ்ச் போய் அவளை மெட்ரோவில் ஏற்றினேன். ரயிலில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. சுபா கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷ வேலைக்கு ரெண்டு வருஷம் சோம்பல் பட்டியேடி" என்றேன்.

"சோம்பல் இல்லை மா." இருட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்போ ஊருக்கெல்லாம் சொன்னேனே, அது எனக்கு வெறும் பாடம். உனக்கு வந்ததுக்கு அப்புறம் அது நம்மாத்து வியாதி ஆயிடுத்து. உன் மூக்கு எனக்கு வந்திருக்கு. உன் கோபம் வந்திருக்கு. உன் தலைவலி வந்திருக்கு. இதுவும் வந்துடும்னு அஞ்சு வருஷமா நினைச்சுண்டிருக்கேன். பாத்தா தெரிஞ்சுடுமேன்னு பாக்கலை."

இரண்டு வருஷமாகச் சோம்பேறி, பால் கொதிக்கிறது என்று ஓடுகிறவள் என்று திட்டிக்கொண்டிருந்தேனே. என்னைக் காப்பாற்றின குழந்தை இவ்வளவு பயத்தையும் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பெற்றவளுக்குத் தெரியவில்லை. அவள் கையிலிருந்து அந்த டிக்கெட்டைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கு வந்தே தீரும்னு இல்லைன்னு டாக்டரே எங்கிட்டச் சொன்னா. அதை விடு. என்னோடது எல்லாம் உனக்கு வரும்னு வெச்சுக்கோ. அப்போ இந்த அஞ்சு வருஷமும் உனக்கு வரும்டி. நான் நன்னா சாப்பிட்டு, நன்னா தூங்கி, உன்னைத் திட்டிண்டு இருந்த இந்த அஞ்சு வருஷம். அதுவும் என்னோடதுதானே?"

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி எங்கோ பார்ப்பதுபோல் இருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கௌன்டரில் குமாஸ்தா சுபாவின் பெயரை இரண்டு தடவை தப்பாகக் கூப்பிட்டு, மூன்றாவது தடவை சரியாகக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தை நீட்டினார். சுபா அதை நின்ற இடத்திலேயே படித்தாள். உதடு அசைந்தது. இன்னொரு தடவை படித்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். ஒன்றுமில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது. கீழே ஒரு வரி: அடுத்த வருஷம் திரும்ப வரவும்.

"ஆஷ்போ" என்றாள் சுபா, அந்தக் காகிதத்தைப் பார்த்து, சத்தமாக. வருவேன் என்று அர்த்தம்.

குமாஸ்தா தலையைத் தூக்கிப் பார்த்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் கையில் புது வளையலோடு ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள், முகமெல்லாம் வியர்த்து. சுபா அவள் பக்கம் திரும்பி, "முதல் தடவையா?" என்று கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டினாள்.

"எனக்கும்" என்றாள் என் பெண். அந்தச் சின்னப் பெண்ணின் பெயரைக் கூப்பிடும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.